ஆயிரம் பிரதி அடிக்கலாமா?

பேய்க்கதை, சரித்திர நாவல், சிறுவர் நூல்கள், கதை எழுதப் பழகுவோருக்கு ஒரு கையேடு என்று எதையும் நான் எழுதாமல் விட்டுவைக்கவில்லை. எல்லாம் சொந்தச் செலவில், மதுரை வீட்டிலிருந்தே வெளியிட்டவை. தனியாக நூல் போட நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணா, என் நாவல் 163 பக்கம். ஆயிரம் பிரதி அடித்தால் அடக்கவிலை குறையும் என்கிறார் அச்சகக்காரர். அடிக்கலாமா?

அவர் பொய் சொல்லவில்லை, தம்பி. ஆப்செட் என்பது தகடு செய்து அச்சடிக்கும் முறை. அந்தத் தகட்டுச் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரத்துக்கும் ஒன்றுதான். ஆனால் விற்காத புத்தகத்துக்கு அடக்கவிலை குறைந்து என்ன பயன்? என் முதல் நாவல் ஆயிரம் பிரதி. பாதிக்கு மேல் கட்டிலுக்கடியில் போனது. இரண்டாவது மழைக்காலம் முடிந்து இழுத்துப் பார்த்தேன். அடிக்கட்டு தரையோடு ஒட்டியிருந்தது, கரையான் மண். லேமினேஷன் போட்ட அட்டை மட்டும் புதுசு போலப் பளபளத்தது. உள்ளே ஒன்பதாம் அத்தியாயம் வரை சுரங்கம். "இவ்வளவு தூரம் விடாமல் படித்தது இது ஒன்றுதான்" என்றாள் மனைவி.

தகடு வேண்டாத டிஜிட்டல் அச்சில் நூறு போடுங்கள், தீர்ந்தால் மறுபடி போடலாம். பின்னால் ஆப்செட்டுக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள்: பதினாறு பக்கத்தைச் சேர்த்து ஒரே தாளில் அடிப்பார்கள், அதுதான் ஒரு பாரம். 160 பக்கத்துக்குப் பத்துப் பாரம் போதும், உங்கள் மூன்று பக்கத்துக்காகப் பதினொன்றாவது தொடங்க வேண்டும். அந்த மூன்றை வெட்டிவிடுங்கள். நாவலுக்கும் நல்லது.

மேலூர் ஆசிரியை ஒருவர்: ஐஎஸ்பிஎன், அதாவது நூலை அடையாளம் காட்டும் எண், வாங்கித் தர ஒருவர் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள், டீச்சர். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இணையத்தில் விண்ணப்பம் வாங்கி இலவசமாகவே தருகிறது. அமேசானின் கிண்டில் மின்னூலுக்கு அந்த எண் கட்டாயமும் இல்லை.

விளாங்குடி வாசகர்: கிண்டிலில் 70 சதவீத ராயல்டி உண்மையா?

உண்மை. ஆனால் இந்திய விற்பனைக்கு அது வேண்டுமென்றால் அமேசானின் செலக்ட் என்ற தொண்ணூறு நாள் திட்டத்தில் சேர வேண்டும். அந்தத் தொண்ணூறு நாளும் மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது. சேராவிட்டால் 35.

உசிலம்பட்டியிலிருந்து: பேய்க்கதை, சிறுவர் கதை இரண்டையும் ஒரே பெயரில் போடலாமா?

நான் போட்டேன். தமுக்கம் புத்தகத் திருவிழாவில் ஓர் அம்மா என் பெயரைப் பார்த்துப் பேய்க்கதையைத் தூக்கி ஏழு வயதுப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டார். ஓடிப்போய் மாற்றிக் கொடுத்தேன். இப்போது சிறுவர் நூல்களுக்கு வேறு பெயர்.

அதே நண்பர்: சரித்திரக் கதையில் எங்கே வழுக்கும்?

போர்க்களத்தில் இல்லை, அடுப்படியில். என் நாவலில் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியன் அரண்மனையில் மிளகாய்த் துவையல் அரைத்தார்கள். மிளகாய் போர்த்துக்கீசியரோடு இங்கே வந்ததே 16ஆம் நூற்றாண்டில். காரத்துக்கு மிளகு போதும் என்று ஒரு சமையல்காரர் அஞ்சலட்டையில் எழுதியிருந்தார். அடுத்த பதிப்பில் திருத்தினேன்.

பெயர் வேண்டாம் என்றவர்: இதில் பிழைக்க முடிகிறதா?

பகலில் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். போன மாத நூல் வருமானத்தில் பால் பாக்கி அடைந்தது. மளிகைக் கடைக்காரர் இன்னும் காத்திருக்கிறார். அந்தப் பணத்திலும் பெரும்பகுதி கையேட்டில் வந்தது. கதை படிப்பவரைவிட எழுத நினைப்பவர் அதிகம் போலிருக்கிறது.