வலிப்பு: கரண்ட் கூடுவதல்ல விஷயம்

கே: ஆறு வயது மகள் பேச்சின் நடுவே பத்து விநாடி வெறித்துப் பார்க்கிறாள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். கவனக்குறைவா?

திட்டாதீர்கள். அப்சென்ஸ் வகை வலிப்பாக இருக்கலாம். மூளையின் நடுவிலுள்ள தலாமஸும் மூளையின் வெளி அடுக்கான புறணியும் ஒன்றையொன்று உசுப்பிக்கொண்டு விநாடிக்கு 3 முறை சேர்ந்து துடிக்கும் வகை அது. நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: மூளையில் கரண்ட் கூடினால் வலிப்பு வரும் என்கிறார்களே, அதைக் குறைக்க என்ன சாப்பிடலாம்?

யார் என்கிறார்கள்? அவசரத்துக்கு மருத்துவர்களே சிலர் இப்படிச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், அப்புறம் நான் மாதாமாதம் பதில் எழுதுகிறேன். நியூரான், அதாவது நரம்பு செல், ஒருமுறை துடித்தால் ஏறத்தாழ 100 மில்லிவோல்ட் மாறும். வலிப்பில் அது 200 ஆகிவிடுவதில்லை. தனித்தனியாகத் துடிக்க வேண்டியவை படபடவென்று ஒரே நேரத்தில் துடிப்பதுதான் கோளாறு. நியூரான்களுக்கிடையே சேதி கொண்டுபோகும் ரசாயனங்களில் குளூட்டமேட் கிளப்பிவிடும், காபா அடக்கும். அடக்கும் பக்கம் தளர்ந்தால் ஒரு சிறு கூட்டம் ஒரே தாளத்துக்கு வந்து அக்கம்பக்கத்தையும் இழுத்துக்கொள்ளும்.

குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் கடும் வலிப்பு நோயான ட்ராவே நோய்க்குறியைப் பாருங்கள். பெரும்பாலும் எஸ்சிஎன்1ஏ மரபணுவில் பழுது. காபாவைச் சுரக்கும் நியூரான்களில், சோடியம் உள்ளே வந்து துடிப்பைக் கிளப்பும் வழிகளான சோடியம் கால்வாய்கள் சரியாக வேலை செய்யாமல் அவற்றின் துடிப்பு குறைகிறது. கரண்ட் குறைந்துதான் அங்கே வலிப்பே வருகிறது! சோடியம் கால்வாயை அடைக்கும் கார்பமசெப்பின் என்ற வலிப்பு மாத்திரையைக் கொடுத்தால் அந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இன்னும் மோசமாகும். சாப்பாடு கேட்டீர்களே: கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தைக் குறைக்கும் கீட்டோ உணவுமுறை சில வகை வலிப்புக்கு உதவும், உண்மைதான். அதுவும் மருத்துவர் கண்காணிப்பில் மட்டும்.

கே: ஈ.ஈ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) நார்மல். அப்படியானால் வலிப்பு நோய் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதல் பதிவில் ஒன்றும் தெரியாது. மண்டையோட்டுக்கு வெளியே அரை மணி நேரம் காது வைத்துக் கேட்பது அது; ஆழத்து மடிப்புகளில் நடப்பது எட்டாது.

கே: அடிக்கடி தலை சுற்றுகிறது. வலிப்பா?

வயது இல்லை, எவ்வளவு நேரம் என்று இல்லை, நினைவு தப்பியதா என்று இல்லை. முழுதாக எழுதுங்கள்.

கே: இரண்டு வருடமாக வலிப்பு இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டேன், சரிதானே?

நிறுத்திவிட்டுக் கேட்கிறீர்கள். இன்றே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? திடீரென்று நிறுத்தினால் ஓயாத வலிப்பு வரலாம். வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்: ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். வலிப்பு நீள நீள காபாவைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் செல்லுக்குள் இழுக்கப்பட்டுவிடும். அப்புறம் காபாவுக்குத் துணைநின்று வலிப்பை நிறுத்தும் டயசெபாம் மருந்தைப் போட்டாலும் முன்போல் கேட்காது.