தங்க டோக்கனைத் தவணையில் வாங்கலாமா?

சகோ, பெட்டகத்தில் இருக்கும் தங்கத்துக்கு ஈடாக விற்கப்படும் டிஜிட்டல் டோக்கனான பாக்ஸ் கோல்டை மூன்று தவணையில் தருகிறார்கள், வட்டியும் இல்லை, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வட்டி இல்லாவிட்டாலும் தங்கத்துக்குப் பணம் கொடுத்தால் இரண்டும் அதே அமர்வில் கைமாற வேண்டும், பாக்கி வைத்தாலே ரிபா, அதாவது மார்க்கம் தடுத்த வட்டி வகை, வந்துவிடும். இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குத் தரநிலை வகுக்கும், பஹ்ரைனில் இருக்கிற ஆயோஃபி அமைப்பு 2016-இல் தங்கத்துக்கென்றே கொண்டுவந்த 57-ஆம் தரநிலையும் இதைத்தான் சொல்கிறது. கட்டியைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டியதில்லை, உங்கள் பங்கு பெட்டகத்தில் குறிப்பிட்டு ஒதுக்கப்பட்டிருந்தால் போதும். ஒரு முழு டோக்கன் ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது சுமார் 31.1 கிராம், விலை கையைக் கடிக்கத்தான் செய்யும். அதை உடைத்தும் விற்கிறார்களே, இருக்கிற காசுக்கு மட்டும் மொத்தமாகக் கொடுத்து வாங்குங்கள். அப்புறம், இந்த டோக்கன் தங்கம் வீட்டிலிருக்கும் தங்க நாணயம், கட்டியோடு சேர்த்து 85 கிராமை எட்டி ஒரு ஹிஜ்ரி வருடம் ஓடினால் 2.5 சதவீதம் ஜகாத் உண்டு.