மில் தொழிலாளர் வீடா? மேல்மாடி ஜன்னலைப் பாருங்கள்

"இங்கிலாந்தின் பழைய மில் தொழிலாளர் குடியிருப்புகளில் பார்க்க என்ன இருக்கிறது? எல்லாம் ஒரே அச்சில் வார்த்த லைன் வீடுகள்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்காக டெர்பியில் இருந்தபோது முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் பக்கத்திலிருந்த குரோம்ஃபோர்டுக்குப் போனேன்.

ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771இல் தண்ணீரால் ஓடும் நூற்பாலையைத் தொடங்கிய ஊர் அது. சின்ன ஊரில் அவ்வளவு ஆளுக்கு எங்கே போவது? நெசவாளர்கள் வரலாம், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அப்புறம் வந்தவர்கள் குடியிருக்கக் கட்டியதுதான் நார்த் ஸ்ட்ரீட். தெருவின் இருபக்கமும் எதிரெதிரே கல் வீடுகள், மூன்று தளம், தளத்துக்கு ஒரு அறை. கீழே இரண்டு தளங்களிலும் சாதாரண ஜன்னல்தான். மேல்தளத்தில் மட்டும், கல் சட்டங்களால் பிரித்த நீளமான ஜன்னல். நான் முதலில் காற்றுக்காக என்று நினைத்தேன். அந்தக் குளிரில் காற்று யாருக்கு வேண்டும்! வெளிச்சத்துக்காக. மனைவியும் பிள்ளைகளும் மில்லுக்குப் போய்விட, குடும்பத் தலைவர் மேலே தறியில் உட்கார்ந்திருப்பார். பகல் வெளிச்சம் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் வேலை.

இதே கண்ணோடு பிராட்ஃபோர்டு பக்கம் சால்ட்டேருக்குப் போனால் அந்த ஜன்னலைக் காணோம். 1853இல் டைட்டஸ் சால்ட் கம்பளி மில்லைத் திறந்து, அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் எண்ணூறுக்கு மேற்பட்ட வீடுகள் கட்டினார். அதற்குள் நெசவு முழுவதும் மில்லுக்குள் போய்விட்டது, வீட்டில் பட்டறைக்கு வேலையில்லை. அங்கே பார்க்க வேண்டியது அந்தஸ்து. சாதாரணத் தொழிலாளியின் கதவைத் திறந்தால் நேராகத் தெரு. உயர் பதவிக்காரர் வீட்டுக்கு முன்னால் சின்னத் தோட்டம், அறைகளும் அதிகம். ஆனால் சாதாரண வீட்டுக்கும் பின்கட்டில் சொந்தக் கழிப்பறை இருந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். தெருக்களுக்கு சால்ட்டின் மனைவி, பிள்ளைகள் பெயர். கட்டடக் கலைஞர்கள் லாக்வுட், மாசன் இருவருக்கும் ஆளுக்கொரு தெரு கிடைத்தது.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என் ஓட்டு குரோம்ஃபோர்டுக்கு. நார்த் ஸ்ட்ரீட் 10ஆம் எண் வீட்டை, பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை சீரமைத்து விடுமுறை வாடகைக்கு விடுகிறது. ராத்திரி தங்கி, காலை வெளிச்சம் அந்த ஜன்னலில் எப்படி விழுகிறது என்று பார்க்க எனக்கும் ஆசைதான். வாடகையைப் பார்த்துவிட்டு, தெருவில் நின்றே அண்ணாந்து பார்த்துக்கொண்டேன்.