வேலை கிடைக்கட்டும், அப்புறம் கொண்டாடலாம் என்கிறான் மகன்

கேள்வி: நாங்கள் முப்பது வருடமாகத் தாராவியில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் விடியற்காலையில் இட்லி அவித்து, சைக்கிளில் விற்பவர்களுக்குக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் தோல் பட்டறையில் வேலை பார்க்கிறார். மூத்த மகன் பி.காம். முடித்துவிட்டான். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். கல்லூரியில் பட்டமளிப்பு விழா வரப்போகிறது. அவன் போகமாட்டேன் என்கிறான். “சர்ட்டிபிகேட் போன்லயே வந்துடும். கறுப்பு கவுனைப் போட்டு போட்டோ எடுத்து என்ன ஆகப்போகுது? வேலை கிடைக்கட்டும், அப்புறம் கொண்டாடலாம்” என்கிறான். அவன் அப்பா நேர்மாறு. ஹால் பிடித்து, பேனர் வைத்து, ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் பிரியாணி போட வேண்டும் என்று ஒரு லட்சம் ரூபாய் வட்டிக்குக் கேட்டு வைத்திருக்கிறார். எனக்கு அவன் மேடை ஏறுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இங்கிலீஷ் தெரியாத நான் அங்கே போய் உட்காரலாமா? இவர்களில் யார் பேச்சைக் கேட்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாராவி, மும்பை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போய் உட்காரலாம். அந்த அரங்கத்தில் போடும் நாற்காலிகளில் பாதி உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். மேடையில் பேசப்படும் ஆங்கிலம் புரியாத பெற்றோர் அங்கே நீங்கள் ஒருவர் மட்டும் இருக்கமாட்டீர்கள். உங்களுக்கு ஒரு பக்கம் குஜராத்தி பேசும் அம்மா இருப்பார், மறுபக்கம் சாத்தாராவிலிருந்து வந்த அப்பா இருப்பார். அவர்களும் தங்கள் பிள்ளையின் பெயர் எப்போது வரும் என்றுதான் காத்திருப்பார்கள்.

இனி மகன் விஷயம். அவன் சொல்வதில் ஒரு பகுதி முழு உண்மை. விழாவுக்குப் போகாவிட்டால் பட்டம் போய்விடாது. கல்லூரி அலுவலகத்தில் பிறகு வாங்கிக்கொள்ளலாம். டிஜிலாக்கர் என்ற அரசு செயலியில் பல்கலைக்கழகம் ஏற்றும் சான்றிதழும் சட்டப்படி அசலுக்குச் சமம்தான். வேலைக்கு விண்ணப்பிக்க அது போதும். இதையெல்லாம் அவனிடம் மறுத்துப் பேசாதீர்கள், தோற்றுப்போவீர்கள்.

ஆனால் அவன் சொன்ன காரணங்களில் உண்மையான காரணம் கடைசியில் இருக்கிறது. “வேலை கிடைக்கட்டும்.” கவுனும் போட்டோவும் அவனுக்குப் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன். விழா என்று ஒன்று நடந்தால் அதற்கு அடுத்த நாள் 90 அடி சாலையில் எதிர்ப்படும் ஒவ்வொருவரும் “என்னப்பா, எங்க வேலை?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவனிடம் இப்போது பதில் இல்லை. பதில் இல்லாதவன் மேடை ஏறக் கூசுவான். அப்பா வைக்கலாம் என்று சொல்லும் பேனர் அவன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவன் படத்தைப் பத்தடி உயரத்துக்குத் தெருமுனையில் வைத்து, அதே கேள்வியை ஊருக்கே எடுத்துக் கொடுப்பதாகத்தான் கேட்டிருக்கும். அவன் உங்களை ஒதுக்கவில்லை, சகோதரி. பயந்திருக்கிறான்.

படிப்பு முடிந்தது ஒரு செய்தி. வேலை கிடைப்பது இன்னொரு செய்தி. முதலாவது ஏற்கெனவே நடந்துவிட்டது. பரீட்சை எழுதியதும் தேறியதும் அவன்தான். நாளை எந்தக் கம்பெனி அவனை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதை யாரும் திருப்பி வாங்க முடியாது. இரண்டாவதற்காக முதலாவதைக் காக்க வைத்தால், வேலை கிடைத்த பிறகு “பெர்மனென்ட் ஆகட்டும்” என்பான், அதன் பிறகு “கடன் அடையட்டும்” என்பான். பி.காம். முடித்ததற்கான நாள் வராமலே போய்விடும்.

இங்கே உங்களுக்கு ஒருவர் கதையைச் சொல்ல வேண்டும். இதே மும்பையில் படித்த அம்பேத்கர் தம் சிறு வயதைப் பற்றித் தாமே எழுதியது. அவர் ஆங்கில நான்காம் வகுப்புத் தேர்வில் தேறியபோது, அவர் சமூகத்து மக்கள் ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினார்கள். மற்றவர்களின் படிப்போடு ஒப்பிட்டால் அது கொண்டாடும் அளவுக்குப் பெரிய விஷயமே இல்லை என்று அவரே சொல்கிறார். ஆனால் அந்த மக்களிடையே அந்தப் படியை எட்டிய முதல் பையன் அவர். அவருடைய அப்பா முடியவே முடியாது என்றுவிட்டார். பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும், ஒரு பரீட்சையில் தேறியதைத் தவிர அவன் என்ன செய்துவிட்டான் என்று கேட்டார். அவர்கள் விடவில்லை. குடும்ப நண்பரான தாதா கெலூஸ்கரிடம் போனார்கள். அவர் வந்து பேசி அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். கூட்டம் நடந்தது. கெலூஸ்கரே தலைமை தாங்கினார். புத்தரின் வாழ்க்கையைப் பற்றித் தாம் எழுதிய புத்தகத்தை அந்தப் பையனுக்குப் பரிசாகக் கொடுத்தார். அதை ஆர்வத்தோடு படித்ததையும் அது தம்மை ஆழமாகத் தொட்டதையும் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். 1956 அக்டோபரில் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு அவர் பௌத்தம் தழுவினார்.

உங்கள் வீட்டில் நடப்பதற்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். ஒரே வித்தியாசம், அங்கே அப்பா வேண்டாம் என்றார், இங்கே மகன் சொல்கிறான். அந்தக் கூட்டத்துக்காக யாரும் அந்தப் பையனிடம் வேலை கேட்கவில்லை. தங்களில் ஒருவன் இவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்று பார்க்க விரும்பினார்கள், பார்த்தார்கள். அங்கிருந்து பையன் கையில் வந்த பொருள் ஒரு புத்தகம். இந்தக் கதையை மகனிடமும் சொல்லுங்கள், அப்பாவிடமும் சொல்லுங்கள்.

மகனிடம் எப்படிப் பேசுவது? “உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டேன்” என்று தொடங்காதீர்கள். அது உண்மைதான், அவனுக்கும் தெரியும், தெரிந்துதான் அந்தப் பாரம் அவனை அழுத்துகிறது. “உன் நல்லதுக்குத்தான்” என்றும் சொல்லாதீர்கள். உங்கள் ஆசையை உங்கள் ஆசையாகவே கேளுங்கள். “நீ மேடை ஏறுறதைப் பாக்கணும்போல இருக்குய்யா. என்னைக் கூட்டிட்டுப் போறியா?” இவ்வளவு போதும். இத்தனை வருடத்தில் அவனிடம் நீங்கள் உங்களுக்கென்று எதையாவது கேட்டிருப்பீர்களா? உங்கள் கடிதத்தைப் படித்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது. கூடவே ஒரு வாக்குறுதியும் கொடுங்கள்: பேனர் கிடையாது, அன்றைக்கு வீட்டுக்கு வரும் யாரும் வேலையைப் பற்றிக் கேட்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. யாராவது கேட்டால் “இன்னைக்குப் படிப்பு முடிஞ்சதுக்குத்தான் கூப்பிட்டேன், சாப்பிடுங்க” என்று நீங்களே சொல்லிவிடலாம்.

கவுன் அணிவதே பிடிக்கவில்லை என்றால் அதிலும் அவன் தனி ஆள் இல்லை. ஐரோப்பாவின் குளிருக்கு அங்கே பாதிரிமார் அணிந்த அங்கி அது. 2010இல் மத்திய அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் போபாலில் ஒரு பட்டமளிப்பு விழா மேடையிலேயே அதைக் கழற்றி வைத்தார். விழா உடையைக் கைத்தறியில் தைக்கச் சொல்லி 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதியது. வேட்டி, குர்தா, அங்கவஸ்திரம் என்று மாறிய இடங்களும் உண்டு. அவன் கல்லூரியில் என்ன முறை என்று கேட்டுக்கொள்ளட்டும். கவுன்தான் என்றால், அது இரண்டு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுக்கும் துணி. அதற்காக அம்மாவின் ஆசையை விட வேண்டியதில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்காரர். அவர்மேல் கோபப்படாதீர்கள். தோல் பட்டறையில் இத்தனை வருடம் நின்றவர், தன் மகன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்பதை ஊர் பார்க்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. தப்பு அந்த வட்டியில் இருக்கிறது. எவ்வளவு வட்டி என்று நீங்கள் எழுதவில்லை. மூணு வட்டி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000 ரூபாய், வருடம் 36,000 ரூபாய், அசல் அப்படியே நிற்கும். உங்களுக்கு அது எத்தனை ஈடு இட்லி என்று என்னைவிட நீங்கள் வேகமாகக் கணக்குப் போடுவீர்கள். இந்தக் கடனை யார் அடைப்பது? மகனுடைய முதல் சம்பளம்தான். இன்னும் கிடைக்காத சம்பளத்தை ஒரு நாள் சாப்பாட்டுக்கு அடகு வைப்பதாகும் அது. அவன் எரிச்சலில் இதுவும் ஒரு பங்கு என்று நினைக்கிறேன். மாநகராட்சி அனுமதி இல்லாமல் வைக்கும் பேனர்களை அகற்றச் சொல்லி பம்பாய் உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்ப உத்தரவிட்டிருக்கிறது, அது வேறு.

அந்த வட்டிப் பணத்தை வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கையில் இருப்பதில் செய்யுங்கள். ஊர்க்காரர்கள் எல்லாரும் வேண்டாம். அவன் படிப்பில் யாருக்கெல்லாம் பங்கு இருக்கிறதோ அவர்களைக் கூப்பிடுங்கள். பத்தாவதில் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா யாராவது இருப்பார். ஃபீஸ் கட்டும் மாதத்தில் அரிசியும் உளுந்தும் கடனுக்குக் கொடுத்த கடைக்காரர் இருப்பார். அப்பாவின் பட்டறை முதலாளி, பழைய பள்ளி ஆசிரியர்கள், பாட்டி ஊரில் இருந்தால் போனில் பாட்டி. முப்பது பேருக்கு மேல் போகாது. இவர்கள் முன்னால் அப்பா இரண்டு வார்த்தை பேசட்டும், அவருக்கு அந்த வாய்ப்பு கட்டாயம் வேண்டும். மகனுக்குப் பிடித்த துறையில் ஒரு நல்ல புத்தகத்தை அப்பா கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டை வெளியில் சொல்லிவிடுங்கள். இதில் மட்டும் நான் கண்டிப்பு: அன்றைக்கு நீங்கள் அடுப்படியில் நிற்கக் கூடாது. மாட்டுங்காவில் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டு, வந்தவர்களோடு உட்காருங்கள்.

விழா நாளில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் உங்களுக்குத் தயக்கம் குறையும். மாணவர்களை ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள். கவுன் வாங்க, கையெழுத்துப் போட, வரிசையில் நிற்கப் பழக. அதனால் அவன் உங்கள் பக்கத்தில் இருக்கமாட்டான். நீங்களும் வீட்டுக்காரரும் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பீர்கள், பதற வேண்டாம். முதல்வரும் பேராசிரியர்களும் விருந்தினரும் அங்கி அணிந்து வரிசையாக நடந்து வருவார்கள். அப்போது எல்லாரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். குத்துவிளக்கு, பேச்சுகள். பேச்சு கொஞ்சம் நீளும். அப்புறம் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். உங்கள் மகன் பெயர் வரும்போது கை வலிக்கத் தட்டுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கடைசியில் தேசிய கீதம். உடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். கல்யாணத்துக்குக் கட்டும் புடவை எதுவானாலும் சரி.

அந்தப் பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மும்பையில் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றாக எழுதும் வழக்கம். நமக்கோ இனிஷியல்தான். அதனால் தமிழ்ப் பிள்ளைகளின் பெயர் தாள்களில் முன்பின்னாகப் போய்விடுவது சாதாரணம். மேடையிலும் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்கள், பிள்ளையின் பெயர் வரவே இல்லையே என்று நீங்கள் காத்திருப்பீர்கள். பெயர் வாசிக்கும் ஆசிரியரிடம் முன்பே போய் உச்சரிப்பைச் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். சான்றிதழிலும் எழுத்துகள் பத்தாம் வகுப்புத் தாளில் உள்ளதுபோலவே இருக்கின்றனவா என்று சரிபார்க்கட்டும். பின்னால் திருத்துவது பெரிய அலைச்சல். அப்படிப் பார்க்கும்போது அவனுடைய பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியலை உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள். மகாராஷ்டிர போர்டின் அந்தத் தாள்களில் அம்மா பெயருக்கு என்று ஓர் இடம் உண்டு. உங்கள் பெயர் அங்கே அச்சாகி இருக்கும்.

நேரம் இருந்தால் விழா முடிந்ததும் ரயிலேறி சர்ச்கேட்டில் இறங்கி ஓவல் மைதானத்துக்குப் போய்வாருங்கள். எதிரே தெரியும் ராஜாபாய் மணிக்கூண்டும் அதை ஒட்டிய பட்டமளிப்பு மண்டபமும் மும்பைப் பல்கலைக்கழகத்துடையவை. கல்கத்தா, சென்னைப் பல்கலைக்கழகங்களோடு 1857இல் தொடங்கியது அது. மண்டபம் 1874இல் முடிந்தது, 280 அடி உயர மணிக்கூண்டு 1878இல். மணிக்கூண்டுக்குப் பணம் கொடுத்த வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த் அதற்குத் தம் அம்மாவின் பெயரை வைக்கச் சொன்னார். அந்தக் கோபுரத்தின் முன்னால் நீங்களும் மகனும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த போட்டோவுக்கு கவுன் தேவையில்லை.

இவ்வளவு கேட்டும் அவன் வரமாட்டேன் என்றால்? வற்புறுத்தாதீர்கள். இழுத்துக்கொண்டு போய் மேடை ஏற்றினால் அவன் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கப் போகும் நாளில் கூடப் போங்கள். வீட்டில் அந்த முப்பது பேர் முன்னால், கணக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா அதை அவன் கையில் கொடுக்கட்டும். அவன் பெயரை நீங்கள் கூப்பிடுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு முறை கேட்டுவிடுங்கள், இந்த வாரத்துக்குள். விழாவுக்குப் பெயர் கொடுக்க, கவுனுக்குப் பணம் கட்ட, பெற்றோருக்கான பாஸ் வாங்க எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி விழாவுக்குச் சில வாரம் முன்பே முடிந்துவிடும். பாஸ் பெரும்பாலும் ஒரு மாணவருக்கு இரண்டுதான் கொடுப்பார்கள். இரண்டையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.