ஆய்வுக்காக ரஷ்யன் படிக்கலாமா?

கேள்வி: அன்புள்ள ஐயா, கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் இறையியல் முதுகலை இறுதி ஆண்டு படிக்கிறேன். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் இறையியலாளர் செர்கேய் புல்ககோவ் திருச்சபையைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுக்க ஆசை. கல்லூரியிலேயே ரஷ்ய மொழி வகுப்பு நடக்கிறது. ஆனால், "ஆங்கிலத்தில்தான் எல்லாம் வந்துவிட்டதே, அந்த நேரத்துக்குக் கிரேக்கத்தைப் பலப்படுத்திக்கொள்" என்று சிலர் சொல்கிறார்கள். எபிரேயமே தட்டுத்தடுமாறித்தான் தேறினேன். ரஷ்யனில் சேரலாமா, வேண்டாமா? (ஒரு வாசகி)

பதில்: சேருங்கள் சகோதரி, இந்தப் பருவத்திலேயே. புல்ககோவை எடுக்கிறவர் ரஷ்யனைத் தள்ளிப்போட்டால் மூன்றாம் வருஷத்தில் ஆய்வேட்டை எழுத உட்காரும்போது கை கட்டப்பட்டது போல இருக்கும், அந்த நேரத்தில் போய் வகுப்பில் சேர யாருக்கும் தெம்பு இருக்காது.

"எல்லாம் வந்துவிட்டது" என்பதை மட்டும் கொஞ்சம் பார்ப்போம். 1922 கடைசியில் ரஷ்யாவை விட்டு வெளியேற்றப்பட்ட புல்ககோவ், 1925-இல் பாரிஸில் தொடங்கிய புனித செர்கியுஸ் இறையியல் நிறுவனத்தில் கற்பித்துக்கொண்டே தன் பெரிய மூன்று நூல்களை எழுதினார். முதலாவது 1933-இலும் இரண்டாவது 1936-இலும் வந்தன, மூன்றாவது அவர் இறந்த பிறகு 1945-இல் வந்தது. உங்கள் தலைப்புக்கு நேராக உதவுவது அந்த மூன்றாவதுதான். இந்த மூன்றும் ஆங்கிலத்தில் முழுமையாகக் கிடைத்தது 2002-க்கும் 2008-க்கும் இடையில். ஆக, மூல நூல்கள் உங்கள் கையில் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அவர் எழுதியதைச் சுற்றி நடந்த சண்டை? தேவ ஞானத்தைப் பற்றிய அவருடைய போதனையை 1935-இல் மாஸ்கோ திருச்சபைத் தலைமையும் கண்டித்தது, நாடுகடந்த ரஷ்ய ஆயர்களும் கண்டித்தார்கள். அடுத்த வருஷமே இன்னொரு ரஷ்ய இறையியலாளரான விளதீமிர் லோஸ்கி எதிர்த்து ஒரு புத்தகம் போட்டார். குற்றச்சாட்டு, பதில், பதிலுக்குப் பதில் என்று அந்தக் காகிதங்கள் பெரும்பாலும் ரஷ்யனில்தான் இருக்கின்றன. ஒருவரை ஆராய்கிறவர் அவரை எதிர்த்தவர்களை வாசிக்காமல் எப்படி நியாயமாக எழுத முடியும்?

அதைவிட முக்கியமான காரணம் சொற்கள். நம் விசுவாசப் பிரமாணத்தில் 'பொதுவான சபை' என்று சொல்கிறோம் இல்லையா, அந்த இடத்தில் ரஷ்யத் திருச்சபையின் வழிபாட்டு மொழியான ஸ்லாவிய மொழியில் வருவது 'சபோர்' என்ற சொல்லிலிருந்து பிறந்த ஒரு பெயரடை. சபோர் என்றால் கூடிவருதல், ஆலோசனைச் சங்கம், பேராலயம் என்று எல்லாமே. (நம் 'சபை'யோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல், ஆனால் மறக்காமல் இருக்க உதவும்.) பரப்பளவில் எங்கும் இருப்பது என்பதைவிட, பலர் சேர்ந்து ஒன்றாயிருப்பது என்ற பொருள் அதற்குள் இருக்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டில் அலெக்ஸேய் கொம்யாகோவ் என்ற ரஷ்யச் சிந்தனையாளர் வாதாடினார், அதற்குப் பின் வந்த ரஷ்யத் திருச்சபையியல் முழுவதிலும் அந்த ஒரு சொல்லின் நிழல் விழுந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதை ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் பெயர்த்திருப்பார்கள், இரண்டும் ஒரே சொல்தான் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. திருச்சபையைப் பற்றி ஆய்வு செய்யப்போகிற உங்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு, யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு உதாரணம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யோவான் 14:27-இல் ஆண்டவர் சமாதானத்தை வைத்துப்போகிறேன் என்கிறார், உலகம் கொடுக்கிறது போல அல்ல என்கிறார். ரஷ்யனில் சமாதானமும் 'மிர்'தான், உலகமும் 'மிர்'தான்! 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் இரண்டையும் வேறு வேறு 'இ' எழுத்து போட்டு எழுதினார்கள், சீர்திருத்தத்தில் ஓர் எழுத்து போய்விட்டது, இப்போது கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இதில் உங்களுக்கு நேரடியாக ஒரு விஷயம் இருக்கிறது: புலம்பெயர்ந்த ரஷ்யர்கள் பல வருஷங்கள் பழைய எழுத்திலேயே அச்சிட்டார்கள், அதனால் வகுப்பில் கற்கும் 33 எழுத்துகளோடு நீக்கப்பட்ட எழுத்துகளையும் பழகிக்கொள்ள வேண்டும். பயப்படாதீர்கள், ஒரு சனிக்கிழமை போதும்.

எபிரேயம் கஷ்டமாக இருந்தது என்கிறீர்கள். ரஷ்யனில் தமிழ் உங்களுக்குக் கை கொடுக்கும் இடங்கள் நிறைய. வேற்றுமை உருபு ஏறி சொல்லின் கடைசி மாறுவது நமக்குப் புதிதா என்ன, அவர்களுக்கு ஆறு வேற்றுமைதான். 'நான் மாணவி' என்று வினைச்சொல் இல்லாமலே வாக்கியம் முடிவது அங்கேயும் உண்டு. எல்லோரும் மிரளுகிற வினைச்சொல் இரட்டைகளைக்கூட (நடந்துகொண்டிருக்கிற செயலுக்கு ஒரு சொல், முடிந்த செயலுக்கு இன்னொன்று), 'படித்தாள்', 'படித்து முடித்தாள்' என்ற வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு தொடங்கினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பாடப்புத்தகத்தில் அலுப்பு தட்டும்போது 1876-இல் முழுமையாக வந்த ரஷ்ய வேதாகமத்தை எடுத்து யோவான் சுவிசேஷத்தை வாசியுங்கள். மனப்பாடமாகத் தெரிந்த வசனம் என்பதால் அகராதி பாதி நேரம் தேவைப்படாது. நான் அப்படித்தான் வாசிக்கப் பழகினேன்.

கிரேக்கத்தை விடச் சொல்லவில்லை. இரண்டும் வேண்டும்.

கேள்வி: வாசிக்க மட்டும் தெரிந்தால் போதுமா, பேசவும் வேண்டுமா? எத்தனை காலம் ஆகும்? லோஸ்கி, ஷ்மேமன் என்ற இரண்டு ஆர்த்தடாக்ஸ் இறையியலாளர்களை ஒப்பிடுகிறேன். (ஒரு மாணவர்)

பதில்: முதலில் ஒன்றைச் சரிபாருங்கள் தம்பி, உங்கள் ஆட்கள் எந்த மொழியில் எழுதினார்கள் என்று. லோஸ்கியின் முக்கியமான நூல் 1944-இல் பிரெஞ்சில் வந்தது. ஷ்மேமன் நியூயார்க் புனித விளதீமிர் குருமடத்தில் இருந்த காலத்தில் நிறைய ஆங்கிலத்திலேயே எழுதினார். ரஷ்ய இறையியல் என்ற பெயரைப் பார்த்து ரஷ்யன் வகுப்புக்கு ஓடி, கடைசியில் பிரெஞ்சுதான் தேவை என்று தெரிந்தால் ஒரு வருஷம் போச்சு. உங்கள் தலைப்புக்கு முதலில் பிரெஞ்சு, அப்புறம் ரஷ்யன்.

காலத்தைப் பொறுத்தவரை, அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ரஷ்யன் கற்றுத்தர சுமார் 1100 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. அது பேசி வேலை பார்க்கிற அளவுக்கு. அகராதியை வைத்துக்கொண்டு இறையியல் கட்டுரை ஒன்றை வாசிக்க அவ்வளவு வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் விடாமல் உட்கார்ந்தால் இரண்டு வருஷத்தில் அந்த இடத்துக்கு வரலாம் என்பது என் அனுபவம்.

கேள்வி: சோவியத் காலத்து பாப்டிஸ்டுகளைப் பற்றி ஆய்வு. ரஷ்யன் எந்த அளவுக்கு வேண்டும்? (இன்னொரு மாணவர்)

பதில்: மேலே இரண்டு பேருக்குச் சொன்னதைவிட அதிகமாகவே வேண்டும். 1961-இல் அரசுக் கட்டுப்பாட்டை ஏற்காமல் பிரிந்த சபைகள் தட்டச்சில் நகல் எடுத்தும், 1971 முதல் மறைவான அச்சகம் நடத்தியும் பரப்பிய தாள்கள், சிறையிலிருந்தவர்களின் குடும்பங்கள் அனுப்பிய மனுக்கள் எல்லாம் இன்று ஆய்வாளர்களுக்குக் கிடைப்பதற்கு ஒரு காரணம், மைக்கேல் போர்டோ என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் கம்யூனிச நாடுகளில் மதத்தின் நிலையை ஆராய 1969-இல் தொடங்கிய கெஸ்டன் நிறுவனம். அதன் ஆவணக் காப்பகம் 2007-இலிருந்து டெக்சாஸில் உள்ள பெய்லர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, அதுவும் பாப்டிஸ்டுகள் நிறுவிய பல்கலைக்கழகம்தான். ஜெயிலுக்குப் போன கணவனுக்காக மனைவி எழுதிய மனுவை வேறொருவர் தந்த சுருக்கத்தில் வாசிப்பது அவளுக்குச் செய்கிற நியாயம் ஆகாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்தக் காலத்து விசுவாசிகளைப் பேட்டி எடுப்பதாக இருந்தால் பேசவும் வேண்டும். அப்புறம், கையெழுத்து. ரஷ்யக் கையெழுத்தில் பல எழுத்துகள் அச்சில் இருப்பது போலவே இருக்காது, 'த' எழுத்து ஆங்கில எம் போல நிற்கும். காப்பகத்துக்குப் போய் அதைப் பழகலாம் என்று இருக்காதீர்கள். வீட்டுப்பாடத்தைக் கணினியில் தட்டாமல், முதல் வாரத்திலிருந்தே கையால் எழுதிக் கொடுங்கள்.