அணில் குரங்கின் கார்டிசால்: கேள்வி பதில்

கேள்வி: அணில் குரங்கின் இரத்தத்தில் மனிதரைவிடப் பல மடங்கு கார்டிசால் (மன அழுத்தத்தின்போது கூடும் ஹார்மோன்) இருக்கிறதே, அது ஓயாத மன அழுத்தத்தில் வாழ்கிறதா?

பதில்: இல்லை. அமைதியாக இருக்கும்போதும் அளவு அதுதான். கார்டிசால் மிகுந்தால் நம் உடலில் தோன்றும் முகவீக்கமோ தசைத் தேய்வோ அதற்கு வருவதில்லை. அணில் குரங்கு உள்ளிட்ட தென் அமெரிக்கக் குரங்குகளின் ஏற்பிகள் (ஹார்மோனைப் பற்றி அதன் செய்தியைச் செல்லுக்குத் தரும் புரதங்கள்) இந்த ஹார்மோனைத் தளர்வாகவே பற்றுகின்றன என்று 1982இல் ஆய்வாளர் ஜார்ஜ் குரூசோஸ் குழு காட்டியது. மூளைக்குப் போகும் செய்தி மெலிந்துவிடுவதால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியை மேலும் தூண்டுகிறது.

கேள்வி: ஏற்பியின் மரபணுதான் மாறிவிட்டதா?

பதில்: நீண்ட காலம் நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அதே ஏற்பியை முயலின் இரத்தச் செல் சாற்றில் உருவாக்கினால், கார்டிசாலைப் போன்ற செயற்கை மருந்தான டெக்சாமெத்தசோனை மனித ஏற்பியைப் போலவே பிடிக்கிறது! காரணம் ஏற்பியைச் சூழ்ந்திருக்கும் துணைப் புரதங்களில் இருக்கிறது. அணில் குரங்கின் செல்களில் எஃப்கேபிபி51 என்ற புரதம் மிக அதிகம். அது ஹெச்எஸ்பி90 என்ற மற்றொரு துணைப் புரதத்துடன் சேர்ந்து ஏற்பியில் ஒட்டிக்கொண்டு பிடியைத் தளர்த்துகிறது.

கேள்வி: ஏற்பியின் அமினோ அமிலங்களும் வேறுபடுகின்றனவே. அவற்றை ஒதுக்கிவிடலாமா?

பதில்: வேறுபாடு உண்டு. அதுவே முதற்காரணமென்றால், குரங்கின் செல்லுக்கு வெளியே, அந்த முயல் சாற்றிலும் பிடி தளர்ந்திருக்க வேண்டும், தளரவில்லை. கார்டிசால் மிகுந்த இன்னொரு விலங்கான கினிப் பன்றியின் கதை வேறு: அங்கே ஏற்பியில் ஹார்மோனைப் பற்றும் பிணைப்புப் பகுதியே மாறியிருக்கிறது. விளைவு ஒன்று, வழி இரண்டு. இதைக் குழப்பாதீர்கள்.

கேள்வி: குரங்குகளுக்குக் கார்டிசால் அதிகம் என்றால் அவை பயந்தவையா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். "குரங்குகள்" என்று பொதுவாகச் சொல்லவும் வேண்டாம். ஆசியாவின் ரீசஸ் குரங்குக்கு அளவு ஏறக்குறைய மனித வரம்பில்தான்.

கேள்வி: மார்மோசெட்டுக்கு (தென் அமெரிக்காவின் சிறு குரங்கு) எந்த வைட்டமின் டி?

பதில்: டி3. தென் அமெரிக்கக் குரங்குகளுக்கு டி2 போதிய பயன் தருவதில்லை. அளவை விலங்கு மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: மன அழுத்தம்தானே காரணம்?

பதில்: மூன்றாம் முறை: இல்லை.

கேள்வி: மார்மோசெட்டில் டெக்சாமெத்தசோன் சோதனை (அதைக் கொடுத்துக் கார்டிசால் அடங்குகிறதா என்று பார்ப்பது) செய்து, அந்த மருந்தளவை மனிதருக்குப் பொருத்தலாமா?

பதில்: கூடாது. கார்டிசாலை அடக்க மார்மோசெட்டுக்கு நம்மைவிடக் கூடுதல் அளவு தேவைப்படும். எந்தக் குரங்கு என்று முதலில் எழுதுங்கள்.