சிகரெட் நிறுவனம் சொல்லும் 'புகைக்காதே'

கேள்வி: சிறுவர்கள் புகைக்கக் கூடாது என்று சிகரெட் நிறுவனங்களே பணம் செலவிட்டுப் பிரச்சாரம் செய்திருக்கின்றன. நல்ல காரியத்தை யார் செய்தால் என்ன? அந்தப் பணத்தைத் தொடவே கூடாது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பிடிவாதம் தேவைதானா?

பதில்: யார் செய்தால் என்ன என்பதற்கு முன், செய்த காரியம் நல்லதுதானா என்று பார்த்துவிடுவோம். 1998இல் அமெரிக்காவில் பிலிப் மாரிஸ் நிறுவனம் 'சிந்தியுங்கள், புகைக்காதீர்கள்' என்று இளையோருக்கான விளம்பரங்களை வெளியிடத் தொடங்கியது. அவற்றைப் பார்த்த 12 முதல் 17 வயது வரையிலானவர்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வு, அவர்களுக்குப் புகையிலை நிறுவனங்கள் மீது நல்லெண்ணம் கூடியிருந்ததையும், புகைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்துக்கு அவர்கள் கூடுதலாக இடங்கொடுத்ததையும் காட்டியது. 'குழந்தைகளிடம் பேசுங்கள்' என்று பெற்றோரை நோக்கி எடுக்கப்பட்ட விளம்பரங்களைப் பற்றி 2006இல் வந்த ஆய்வும், மேல்வகுப்பு மாணவர்களிடம் இதே போக்கைத்தான் கண்டது. இதில் வியப்பில்லை. புற்றுநோயைப் பற்றியும் அடிமைப்படுத்தும் நிகோடினைப் பற்றியும் வாய் திறக்காமல், 'இது பெரியவர்களுக்கானது' என்று மட்டும் பதினைந்து வயதுப் பையனிடம் சொன்னால், அவன் என்ன செய்வான் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த நிறுவனங்களுக்கும் அது தெரியாததல்ல. புகைப்பதை விட்டவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் ஈடாக வரும் 'மாற்றுப் புகைப்பாளர்கள்' கிடைப்பதற்கு இளைஞர்களே ஒரே ஊற்று என்று ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் 1984ஆம் ஆண்டு உள்ளறிக்கை எழுதி வைத்திருக்கிறது. விளம்பரக் கட்டுப்பாடுகளைத் தடுக்கும் தங்கள் நோக்கத்துக்கு இளையோர் திட்டங்கள் துணை நிற்கின்றன என்று அத்தொழிலின் பொது அமைப்பு 1991இல் தனக்குள் எழுதிக்கொண்டது. வழக்குகளால் இந்த ஆவணங்கள் வெளிவந்திராவிட்டால், நாமும் உங்களைப்போலவே கேட்டுக்கொண்டிருந்திருப்போம்.

சிகரெட் நிறுவனங்கள் உண்மையில் எதற்கு அஞ்சுகின்றன என்பதை அவற்றின் விளம்பரங்களைவிட அவை தொடுக்கும் வழக்குகளே தெளிவாகச் சொல்லும். சுமார் 34 லட்சம் மக்களே வாழும் உருகுவே, சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை வேண்டும் என்றும், ஒரு வணிகப் பெயருக்கு ஒரு வகை சிகரெட் மட்டுமே விற்கலாம் என்றும் விதித்தபோது, அந்நாட்டின் மொத்த உற்பத்தியைவிடப் பெரிய விற்றுமுதல் கொண்ட பிலிப் மாரிஸ், சுவிட்சர்லாந்துடனான முதலீட்டு ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு 2010இல் இழப்பீடு கேட்டது. அப்போது அந்நாட்டில் புகைத்தடைக்கு முன்னின்ற அதிபர் தபாரே வாஸ்கஸ் புற்றுநோய் மருத்துவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2016 ஜூலையில் உருகுவே வென்றது. அதன் வழக்குச் செலவுக்காக பிலிப் மாரிஸ் 70 லட்சம் டாலர் தர வேண்டும் என்றும் வழக்கை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. வென்றது சரி, ஆனால் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் வழக்குக்கு அஞ்சித் தயங்கும் சிறிய நாடுகளைப் பற்றி யோசித்துப் பாருங்கள். அதே நிறுவனம்தான் 2017இல், 'புகையற்ற உலகு' அமைக்கும் அறக்கட்டளை ஒன்றுக்கு ஆண்டுக்கு சுமார் 8 கோடி டாலர் வீதம் 12 ஆண்டுகள் தருவதாக அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் அதனுடன் சேர மறுத்தது இந்த வரலாற்றைப் படித்ததால்தான்.

பிடிவாதம் கூடுதல் என்கிறீர்கள். போதவில்லை என்பதே என் குறை. புகையிலைத் தொழிலின் நலன்களிடமிருந்து சுகாதாரக் கொள்கையைக் காக்க வேண்டும் என்ற 5.3ஆம் பிரிவைக் கொண்ட, உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004இலேயே ஏற்றது. ஆனால் நம் அரசுக்குச் சொந்தமான எல்.ஐ.சி., நாட்டின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனமான ஐ.டி.சி.யின் முக்கியப் பங்குதாரர்களில் ஒன்றாக இருக்கிறது.